குடும்பக் குழு: வாசுகி வீட்டு முயல்குட்டிகள்

வாசுகி (கான்பெரா), காலை 7:12
பெரியப்பா, ஐந்து வாரக் குட்டிகள் மூன்றும் நேற்றிரவு இறந்துவிட்டன. மாலை வரை ஓடியாடித் தின்றவை விடிவதற்குள் மூக்கில் இரத்தம் கசியக் கிடந்தன. இங்கே எல்லோரும் ‘காலிசி’ என்று சொல்லும் முயல் இரத்தக்கசிவு நோயாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். காலிசி குட்டிகளைத் தொடாது என்று முயலைத் தந்தவர் சொன்னதை நம்பியிருந்தேன்.

பெரியப்பா, 7:40
மனம் கனக்கிறது, அம்மா. அவர் சொன்னது இந்த நோயைத் தரும் வைரஸின் பழைய வகைக்குப் பொருந்தும். 1984இல் சீனாவில், ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்ட அங்கோரா முயல்களிடம் முதலில் தெரிந்த அந்த வகை, எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். 2010இல் பிரான்சில் கண்டறியப்பட்ட இரண்டாம் வகையோ சில வாரக் குட்டிகளையும் கொல்கிறது. ‘ஹேர்’ எனப்படும் பெரிய முயலினங்களையும் தாக்குகிறது. உங்கள் கான்பெராவில் அது 2015இல் தென்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் நாடெங்கும் முந்தைய வகைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

அத்தை (திருச்சி), 7:52
வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே, அண்ணா. மனிதருக்குத் தொற்றுமா?

பெரியப்பா, 7:54
தொற்றாது, அஞ்ச வேண்டாம்.

கதிர், 8:05
நோய் ஒன்றுதான் என்றால் பழைய தடுப்பூசியே போதாதா, பெரியப்பா?

பெரியப்பா, 8:31
போதாது, தம்பி. இந்த வைரஸின் மரபுச்செய்தி முழுவதும் ஏறத்தாழ 7,400 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழைதான். அதில் வி.பி.60 என்னும் உறைப்புரதத்தை எழுதும் பகுதி, இரு வகைகளுக்கும் இடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடுகிறது. அந்தப் புரதத்தின் 180 பிரதிகள் கூடித்தான் வைரஸின் ஓடு அமைகிறது. முயலின் எதிர்ப்பொருள்கள் பற்றிக்கொள்வதும் அந்த ஓட்டின் வெளிமேட்டைத்தான். ஆகவே பழைய ஓட்டைப் பார்த்துப் பழகிய உடல், புதிய ஓட்டைச் சரியாக அடையாளம் காண்பதில்லை.

என்னை இதைவிட வியக்க வைப்பது இன்னொன்று. இரு வைரஸ்கள் ஒரே முயலின் உடலில் சேர்ந்தால், உறைப்புரதப் பகுதி தொடங்கும் இடத்தில் இழை மாறி, முன்பாதி ஒன்றிலிருந்தும் பின்பாதி மற்றொன்றிலிருந்தும் வந்த கலப்பு பிறக்கக்கூடும். 2015இல் கான்பெராவில் காணப்பட்டதே அப்படிப்பட்ட கலப்புதான். பின்னர் பரவிய ஒரு கலப்பில், முயலின் குடலில் தீங்கின்றி வாழும், காலிசி குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸின் முன்பாதியும் இரண்டாம் வகையின் ஓடும் இணைந்திருந்தன. சாதுவான வைரஸிடமிருந்து பாதி வந்தும், பிறந்தது கொல்லும் வைரஸ்தான்.

கதிர், 8:44
அப்படியானால் ஓட்டின் மரபணுவை மட்டும் படித்தால் கலப்பு தெரியாமலே போய்விடுமே.

பெரியப்பா, 8:47
ஆம், சரியாகப் பிடித்தாய். இரு பாதிகளையும் படித்தால்தான் அது யாருடைய பிள்ளை என்பது தெரியும்.

வாசுகி, 9:10
தாய்முயல் இன்னும் தீனி எடுக்கிறது. அதை எப்படியாவது காப்பாற்ற வேண்டும், பெரியப்பா.

பெரியப்பா, 9:18
இரு வகைகளுக்குமான தடுப்பூசி இப்போது அங்கே கிடைக்கிறது. எப்போது போடலாம் என்று இன்றே மருத்துவரிடம் கேள். கூண்டிலுள்ள வைக்கோலை அகற்றிவிடு. ஈக்களும் வைரஸைச் சுமக்கும் என்பதால் வலை கட்டு. குட்டிகளைப் புதைப்பதற்கு முன், ஈரலில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்றும் கேள். எந்தத் திரிபு எங்கே பரவுகிறது என்பதை சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அத்தகைய துண்டுகளிலிருந்துதான் அறிகிறார்கள்.

வாசுகி, 9:26
குட்டிகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு மருத்துவமனை திறந்ததும் எடுத்துச் செல்கிறேன்.