சாட்ஸ்வர்த் பூங்காவில் ஆற்றோரமாக ஒரு சுற்று நடை: முழங்கால் வலி உள்ளவருக்கு ஏற்ற வழி எது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கோடையில் என் பெற்றோர் எங்களோடு தங்குவதற்காக இங்கிலாந்துக்கு வருகிறார்கள். அப்பா நெடுந்தொலைவு நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஏற்றத்தைவிட இறக்கமே அவரை அதிகம் வருத்தும் என்பதோடு, வேலியை ஏறித் தாண்டும் மரப்படிகளும் அவருக்கு இயலாதவை. டார்பிஷயரில் உள்ள சாட்ஸ்வர்த் பூங்காவையும் அதன் நடுவே ஓடும் டெர்வென்ட் ஆற்றையும் அவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். போன வழியிலேயே திரும்பாமல், தொடங்கிய இடத்துக்கே வேறு வழியாக வந்து சேரும் எளிய நடை ஒன்று இருந்தால் சொல்லுங்கள். அங்குள்ள சாட்ஸ்வர்த் மாளிகைக்குள் செல்லும் எண்ணம் இல்லை. பூங்காவில் நடப்பதற்கு மட்டும் கட்டணம் உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

முதல் பதில்

பூங்காவில் நடக்கக் கட்டணம் இல்லை. மாளிகைக்கும் அதன் தோட்டத்துக்கும் மட்டுமே நுழைவுச்சீட்டு வேண்டும். வாகனம் நிறுத்துவதற்குத் தனியாகப் பணம் செலுத்த வேண்டியிருக்கும்.

உங்கள் தேவைக்குத் தெற்கு முனையில் உள்ள கால்ட்டன் லீஸ் வாகன நிறுத்தத்திலிருந்து தொடங்குவதே சிறந்தது என்பது என் கருத்து. அங்கிருந்து சாலையைக் கவனமாகக் கடந்து புல்வெளி வழியாகக் கீழே இறங்கினால், 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மாவு ஆலையின் இடிந்த சுவர்கள் ஆற்றங்கரையில் நிற்பதைக் காண்பீர்கள். அதன்பின் ஆற்றை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, நீரோட்டத்துக்கு எதிராக வடக்கே நடந்தால் போதும். தரை ஏறக்குறைய சமமாகவே இருக்கும். எதிர்க்கரையில் மாளிகையின் மேற்கு முகப்பு முதலில் மரங்களுக்கிடையே சிறிதாகத் தெரிந்து, நடக்க நடக்கப் பெரிதாகி, பாலத்தை நெருங்கும்போது முழுமையாக வெளிப்படும். வடக்கிலிருந்து வருபவர்களுக்கு இந்தப் படிப்படியான காட்சி வாய்ப்பதில்லை. அதனால்தான் தெற்கிலிருந்து தொடங்குமாறு வற்புறுத்துகிறேன். முகப்பில் வெயில் படுவது பிற்பகலில் என்பதால், நண்பகலுக்குப் பிறகு புறப்படுவது நல்லது.

ஜேம்ஸ் பெயின் வடிவமைத்த கல்பாலத்தை அடைந்ததும் அதைக் கடக்காமல், இடப்பக்கமாக மேட்டில் ஏறும் சரளைப் பாதையில் திரும்பினால் எடன்சர் சிற்றூர் வரும். ஊரைப் பார்த்தபின் மீண்டும் சாலையைக் கடந்து பூங்காவுக்குள் வந்து, ஆற்றுக்கு மேலுள்ள புல்சரிவில் தெற்கு நோக்கி நடந்தால் கால்ட்டன் லீஸ் வந்துவிடும். மொத்தத் தொலைவு சுமார் 5 கிலோமீட்டர். மரப்படி ஏறித் தாண்ட வேண்டிய வேலி எதுவும் இந்தச் சுற்றில் இல்லை.

இரண்டாம் பதில்

மேலே சொன்ன வழியை நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் எடன்சரை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். சாட்ஸ்வர்த்தின் உரிமையாளரான ஆறாம் டெவன்ஷயர் கோமகன் காலத்தில், 1838 முதல் 1842 வரையிலான ஆண்டுகளில், அவருடைய தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டனின் மேற்பார்வையில் மாற்றியமைக்கப்பட்ட ஊர் அது. வீடுகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் வெவ்வேறு பாணிகளில் அமைந்திருப்பதை உங்கள் தந்தை நிச்சயம் ரசிப்பார். தேவாலயத்தின் பின்புறக் கல்லறைத் தோட்டத்தில் பாக்ஸ்டனின் கல்லறை உள்ளது. 1948இல் விமான விபத்தில் இறந்த கேத்லீன் கென்னடியும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருடைய அண்ணனான அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி 1963 ஜூன் மாதத்தில் அங்கு வந்து அஞ்சலி செலுத்தினார்.

இயற்கையாகவே அமைந்தது போலத் தோன்றும் அந்தப் புல்வெளியும் மரக்கூட்டங்களும் 1760களில் நிலக்காட்சி வடிவமைப்பாளர் கேபபிலிட்டி பிரவுன் திட்டமிட்டு உருவாக்கியவை என்பதைப் பெற்றோரிடம் நடக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எந்த மரக்கூட்டம் எதை மறைக்கிறது, எதைக் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பதில் தனி இன்பம் உண்டு.

தேவாலயத்துக்கு மேலே படிகள் ஏறி, மேட்டு மேய்ச்சல் நிலங்களின் வழியாகக் கால்ட்டன் லீஸுக்குச் சுற்றி வரும் நீண்ட பாதையைச் சில வழிகாட்டிகள் பரிந்துரைக்கக்கூடும். காட்சி அருமையானது, என்றாலும் இறுதியில் நீண்ட இறக்கம் இருப்பதால் உங்கள் தாயாருக்கு அது வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எடன்சரிலிருந்து திரும்பும் புல்சரிவும் இறக்கம்தானே? அது முழங்காலைத் தாக்குமா? முந்தைய நாள் மழை பெய்திருந்தால் என்ன செய்வது?

மூன்றாம் பதில்

சரிவு மென்மையானது, ஆனால் தடம் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை, தரையும் மேடுபள்ளமானது. நேராகக் கீழே இறங்காமல், உயரத்தை விட்டுவிடாது சரிவுக்குக் குறுக்காக நடந்தால் முழங்காலுக்கு அதிகப் பளு வராது. ஒரு கைத்தடியும் உதவும். எடன்சரிலேயே தாயார் களைத்துவிட்டால், சரளைப் பாதையில் பாலத்துக்கு இறங்கி, வந்த ஆற்றுவழியே திரும்பிவிடலாம். அல்லது அவரைத் தந்தையோடு ஊரில் அமர வைத்துவிட்டு நீங்கள் சென்று வண்டியை எடுத்து வரலாம். சுற்று முழுமையடைய வேண்டும் என்பதற்காக அவரை வருத்த வேண்டியதில்லை.

பலத்த மழைக்குப் பின் ஆறு பெருகி, கரையோரப் புல்வெளியின் தாழ்ந்த பகுதிகளில் நீர் நிற்கும். அப்போது கரையை விட்டு விலகி மேட்டுப்புறமாக நடக்க வேண்டும். நீர் வேகமாக ஓடும் நாளில் தடுப்பணைகளின் அருகே செல்லவே கூடாது. வறண்ட கோடைநாளிலும் பாதம் முழுவதையும் மூடும் காலணியை அணிவியுங்கள், ஏனெனில் ஆடுகள் மேயும் இடம் அது.

மான்களும் உண்டு. ஜூன் மாதத்தில் குட்டிகள் புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். தனியாக விடப்பட்டதாக எண்ணித் தொடக்கூடாது, தாய் அருகிலேயே இருக்கும். நாய் கூட வந்தால் கயிற்றில் பிடித்தே நடத்த வேண்டும். அலைபேசி இணைப்பை மட்டும் நம்பாமல், பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும், 1:25,000 அளவிலான எக்ஸ்ப்ளோரர் வரிசையின் ஓஎல் 24 வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; திரும்பும் வழியில் தடம் மறையும் இடங்களில் அது பயன்படும்.