டோலக்கின் இடது கை எங்கே? சாம்பிள் மென்கருவிகளோடு வடசென்னை அனுபவங்கள்

புளியந்தோப்பு டோலக்

கானா பாடுகிறவர்களுக்கு வீட்டிலேயே இசை கோத்துக் கொடுக்கிறேன். ஒரு மடிக்கணினி, 49 கட்டை கீபோர்டு, ஒரு மைக், இவ்வளவுதான் என் ஸ்டுடியோ. சென்ற ஆண்டு காசு சேர்த்து இந்தியத் தாளக் கருவிகளின் லைப்ரரி ஒன்றை வாங்கினேன். உண்மையான வாத்தியங்களின் ஒலிகளைப் பதிவு செய்து, கீபோர்டில் வாசிக்கும்படி கோத்த தொகுப்பு அது. ஒவ்வொரு பதிவும் ஒரு சாம்பிள். அதிலிருந்த டோலக்கை வைத்து ஒரு பாட்டை முடித்துவிட்டு, எங்கள் தெருவில் காலமெல்லாம் டோலக் வாசித்த பெரியவரிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். "தம்பி, வலது கை நன்றாக வாசிக்கிறான். இடது கை எங்கே?" என்றார்.

அந்தக் கேள்வியிலேயே மூன்று மாதம் போனது. டோலக்கின் இடது பக்கத் தோலில் மசாலா அப்பியிருப்பார்கள். அடித்த பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அந்தத் தோலை அழுத்தித் தேய்த்தால் ஒலி வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். கானாவின் நடையே அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. நான் வாங்கிய லைப்ரரியில் அப்படி ஒரே ஒரு இழுப்புதான் இருந்தது. எந்த வேகத்தில் பாடினாலும் அதே நீளம், அதே அழுத்தம்.

கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலைத் திருப்பி நானே இழுப்பை உண்டாக்கப் பார்த்தேன். இரண்டு கைகளையும் சேர்த்து ஒரே மைக்கில் பதிவு செய்திருந்ததால், இடது பக்கம் ஏறும்போது வலது பக்கத்தின் கணீர் ஒலியும் கூடவே ஏறியது. டோலக் போய் ஏதோ ரப்பர் பொம்மையின் சத்தம் வந்தது.

கடைசியில் அந்தப் பெரியவரையே அழைத்து வந்து பதிவு செய்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலில் போர்வை கட்டி, பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் காத்திருந்து எடுத்தோம். ஆறு வகை அடிகள். ஒவ்வொன்றும் மெல்லியதிலிருந்து பலமானது வரை நான்கு அளவுகளில். ஒவ்வோர் அளவிலும் ஐந்து முறை. ஆக 120 பதிவுகள். குட்டை, நடுத்தரம், நீளம் என்று இழுப்புகள் மட்டும் தனியாக 36. இடையில் கடல் ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிட்டது. கயிற்றை இறுக்கிவிட்டு அதுவரை எடுத்ததில் பாதியைத் திரும்ப எடுத்தோம்.

ஒரே அடியை ஐந்து முறை பதிவு செய்வது ஏன் என்று புதியவர்கள் கேட்பார்கள். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல் இருக்கும். ஐந்தையும் முறை வைத்து மாற்றி ஒலிக்கச் செய்தால்தான் கை வாசிப்பது போலிருக்கும். ரவுண்ட் ராபின் என்பது இதைத்தான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்தும் எல்லாம் சேர்த்து 100 எம்பிகூட வரவில்லை. பதிவுகளைக் கருவியாகக் கோக்கும் டீசன்ட் சாம்பிளர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் கோத்தேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ராயபுரம் பாடகர் குழு

தம்பி எழுதியதைப் படித்ததும் எங்கள் தேவாலயத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. பாடகர் குழுவுக்கு நான்தான் கீபோர்டு. பைப் ஆர்கன் வாங்க எங்களுக்கு வழியில்லை. ஆகவே மடிக்கணினியில் ஆர்கன் சாம்பிள்கள். இதற்கென்றே கிராண்ட் ஆர்கு என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நல்ல தொகுப்புகளில் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே பதிவு செய்திருப்பார்கள். விரலை எடுத்த பிறகு கட்டடத்தில் தங்கி மறையும் ஒலிக்கும் தனிப் பதிவு இருக்கும்.

வீட்டில் ஹெட்போனில் கேட்டபோது நெஞ்சம் நிறைந்துவிட்டது. ஐரோப்பியப் பேராலயம் ஒன்றில் பதிவு செய்தது. எதிரொலி ஐந்தாறு நொடி நீண்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் வாசித்தபோது பாட்டின் ஒரு சொல்கூடப் புரியவில்லை என்று பின்வரிசையிலிருந்து வந்து சொன்னார்கள். எங்கள் கட்டடத்துக்கே எதிரொலி உண்டு. அதன்மேல் இன்னொரு ஆலயத்தின் எதிரொலியையும் கொண்டுவந்து கொட்டிவிட்டேன். மறுவாரமே, குழாய்களுக்கு மிக அருகில் மைக் வைத்துப் பதிவு செய்த, எதிரொலி இல்லாத தொகுப்புக்கு மாறினேன். ஹெட்போனில் அது சப்பென்று இருக்கும். ஆலயத்துக்குள் ஒலிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆர்கனோடு சேர்த்துப் பியானோவும் வைத்திருந்தேன். அந்தப் பியானோவை மூன்று இடங்களில் மைக் வைத்துப் பதிவு செய்திருந்தார்கள், அந்த மூன்று மைக் நிலைகளையும் திறந்திருந்தேன். ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று குரல்கள் எழும். நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் பன்னிரண்டு. மிதியையும் அழுத்திக்கொண்டே அடுத்தடுத்த சுரக் கூட்டுகளுக்குப் போனால் பழைய குரல்கள் மறையாமல் மேலே மேலே ஏறும். இரண்டாவது சரணத்தில் கணினி திணறிப் படபடவென்று வெடித்தது. இப்போது ஒரே மைக் நிலை, குரல்களுக்கு ஓர் உச்ச வரம்பு. கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரை 256 ஒலிப் புள்ளிகளாக வைக்கிறேன். நொடிக்கு 44,100 புள்ளிகள் என்ற கணக்கில் அது சுமார் 6 மில்லி நொடித் தாமதம், விரலுக்குத் தெரியாது. 1024 என்றால் 23 மில்லி நொடி. பாடுகிறவர்களோடு சேர்ந்து வாசிக்க முடியாது.

கொருக்குப்பேட்டை

ராயபுரம் அக்காவுக்கு ஒன்று. பெரிய லைப்ரரிகளில் ஒவ்வோர் ஒலியின் தொடக்கம் மட்டுமே நினைவகத்தில் இருக்கும். மீதி வாசிக்க வாசிக்க வட்டிலிருந்து வரும். என் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டேன். ஒலி நறுக்கென்று அறுந்துபோவது அன்றோடு நின்றது. புதிய லைப்ரரி வாங்க வைத்திருந்த பணத்தில்தான் அதைச் செய்தேன், வருத்தமே இல்லை.

பெரம்பூர் மாணவன்

நான் செய்த தவறை மறைக்காமல் எழுதுகிறேன். கல்லூரி முதலாண்டில், தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையத் திருட்டு லைப்ரரிகள் கிடைத்தன. எதைத் திறப்பது என்று தெரியாமல் இரவெல்லாம் ஒலிகளைப் புரட்டிக்கொண்டே இருப்பேன். ஒரு பாட்டும் முடியாது. ஒரு நாள் காலை கணினியைத் திறந்தால் எல்லாக் கோப்புகளும் பூட்டிக் கிடந்தன. பணம் கேட்டு ஒரு குறிப்பு. நண்பனின் குறும்படத்துக்குச் செய்த இசையும் அதோடு போனது. அவனிடம் அதைச் சொன்ன நாளை நான் மறக்க மாட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு இலவசமானவற்றோடு மட்டும் தொடங்கினேன். ஸ்பிட்ஃபயரின் லேப்ஸ் ஒலித் தொகுப்புகள், சாம்பிள்களை ஒலிக்கவைக்கும் கான்டாக்ட் பிளேயர், ப்ளோகின் ஸ்ஃபோர்சாண்டோ. இந்த மூன்றை வைத்தே இரண்டு குறும்படங்கள் முடித்திருக்கிறேன்.

அண்மையில் தள்ளுபடியில் ஒரு வயலின் லைப்ரரி வாங்கப் போனேன். பணம் கட்டும் பக்கத்தின் அடியில், காசு கொடுத்து வாங்கும் முழு கான்டாக்ட் தேவை என்று சிறிய எழுத்தில் இருந்தது. இலவச பிளேயரில் அப்படிப்பட்ட லைப்ரரிகள் 15 நிமிடம் மட்டுமே ஓடி நின்றுவிடும். முழு கான்டாக்டின் விலையையும் சேர்த்தால் தள்ளுபடி எங்கே இருக்கிறது? வாங்கும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். எனக்கு ஒரு சந்தேகம்: லைப்ரரி நல்லதா என்று விளம்பரப் பாட்டைக் கேட்டே எப்படி முடிவு செய்வது?

ஐசிஎஃப் கீபோர்டு

தம்பி, விளம்பரப் பாட்டை வைத்து முடிவு செய்யாதே. அதை அமைத்தவர் கையில் எதைக் கொடுத்தாலும் நன்றாகத்தான் ஒலிக்கும்.

நான் மெல்லிசைக் குழுக்களில் பல ஆண்டுகள் கீபோர்டு வாசித்தவன். 1988இல் வந்த கோர்க் எம்1 கருவியில் மொத்த ஒலிகளுக்கும் இடம் 4 எம்பிதான். அதன் பியானோவை உலகமே பயன்படுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ரோலண்ட் டி-50இல் இன்னும் சிக்கனமான வழி. ஒலி எழும் முதல் கணத்துக்கு மட்டும் உண்மையான பதிவு. அதன் பின் வருவது கருவி தானே உண்டாக்கும் ஒலி. நம் காது ஒரு வாத்தியத்தை அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் அது எழும் கணத்தில்தான். புல்லாங்குழலில் ஊதும் காற்று, வீணையில் மீட்டும் நகம். அதனால் எத்தனை ஜிபி என்று பார்த்து நான் எதையும் வாங்குவதில்லை.

வாங்க நினைப்பதை நண்பர் வீட்டிலோ சோதனைப் பதிப்பிலோ நீயே தொட்டுப் பார். முதலில் எதிரொலி, கோரஸ் என்று ஒலிக்கு மெருகேற்றும் எல்லாவற்றையும் அணைத்துவிடு. பாதி லைப்ரரிகள் அங்கேயே நிறம் வெளுத்துவிடும். பிறகு ஒரே கட்டையை ஒரே பலத்தில் பத்து முறை அடி. பத்தும் அச்சு அசலாக இருந்தால் ரவுண்ட் ராபின் இல்லை. மெல்லியதிலிருந்து பலமாக அடித்துக்கொண்டே போ. சத்தம் மட்டும் கூடுகிறதா, ஒலியின் குணமும் மாறுகிறதா என்று கேள். ஒரு கட்டையைப் பத்து நொடி அழுத்திப் பிடி. பதிவின் ஒரு பகுதியே திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப் சுற்றும் இடத்தில் ஒரு துடிப்பு கேட்டால் அது மெதுவான பாட்டுக்கு உதவாது. கடைசியாக எல்லாக் கட்டைகளையும் வரிசையாக ஏறிப் பார். ஒரு பதிவையே நாலைந்து கட்டைகளுக்கு இழுத்திருந்தால் ஓரிடத்தில் குரல் சட்டென்று வேறு ஆளாக மாறும். எனக்கு இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். இந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் நான் இழந்த பணத்துக்குக் கணக்கில்லை.

அந்த இலவசக் கருவிகளோடு நீ தொடர்ந்து இரு. ஒரு பியானோவின் குணத்தை அடி ஆழம் வரை தெரிந்துகொள்வது பெரிய படிப்பு.

திருவொற்றியூர் ஒத்து

என் அப்பா நாகஸ்வரக்காரர். வடிவுடையம்மன் கோயில் வீதியில் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவன் நான். நாகஸ்வர சாம்பிளில் தோடி ராகம் வாசிக்கப் போய் ஆறு மாதம் போராடினேன்.

தோடியின் காந்தாரம் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். கணக்குப்படி பிட்ச் வீலின் வழக்கமான அளவான மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் அதற்குப் போதும். ஆனால் வீலைத் திருப்பும்போது, பதிவுக்குள் ஏற்கெனவே இருந்த மெல்லிய நடுக்கமும் சேர்ந்து வேகம் கூடிக் குறைந்தது. ஒரே மூச்சில் உதடும் காற்றும் மாறுவதால் வரும் நிற மாற்றமோ வரவே இல்லை. ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிச் செல்லும் ஜாரு வேண்டுமென்று வீலின் அளவை ஏழாக்கினால், தோடிக்குத் தேவையான நுட்பம் விரலுக்கு எட்டாமல் போனது. அப்பா கேட்டுவிட்டு, "ஸ்வரம் இருக்கிறது, மூச்சு இல்லை" என்றார்.

புளியந்தோப்பு அண்ணா செய்ததுபோல் நானும் பதிவு செய்து கோத்துப் பார்த்தேன். டோலக்கின் அடிகளை எண்ணிவிடலாம். ஸ்வரங்களின் அசைவுகளான கமகங்களை எண்ண முடியாது. ஒவ்வொரு ராகத்திலும் அதே ஸ்வரத்துக்கு வேறு அசைவு. ஆகவே ராகம் வாசிக்க ஆளைத்தான் அழைக்கிறேன். ஆனால் நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்துக்குச் சாம்பிள் போல் பொருத்தமானது வேறில்லை என்பது என் முடிவு. ஒரே ஸ்வரம், இடைவிடாமல். பல கச்சேரிகளில் இப்போது சுருதிப் பெட்டிதான் ஒலிக்கிறது. எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் ஒத்து நாகஸ்வரம் இருக்கிறது. வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றினால் ஒலிக்கும். அதை ஒரு முறை ஒழுங்காகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

புளியந்தோப்பு டோலக்

எல்லோருக்கும் நன்றி. ஐசிஎஃப் அண்ணனின் சோதனையை என் டோலக்கிலேயே செய்து பார்த்தேன். பலத்தில் மூன்றாம் அளவிலிருந்து நான்காம் அளவுக்குப் போகும்போது ஒலி தாவுகிறது. நடுவில் இன்னோர் அளவு பதிவு செய்ய வேண்டும்.

நேற்றுப் பெரியவருக்குப் புதிய பாட்டைப் போட்டேன். இரண்டாவது ஆவர்த்தத்திலேயே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "இப்போது இடது கை வந்துவிட்டது. ஆனால் இவனுக்கு இரண்டு இடது கை" என்றார். திரும்பக் கேட்டபோதுதான் புரிந்தது. நீள இழுப்பு முடிவதற்குள் அடுத்த இடது அடி விழுகிறது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கின்றன. உண்மையில் கை அடுத்த அடிக்கு வந்தால் முந்தைய இழுப்பு அங்கேயே அறுந்துவிடும். இடது கை ஒலிகளை எல்லாம் ஒரே குழுவில் போட்டு, புதியது வந்தால் பழையது நிற்கும்படி அமைத்துவிட்டேன். இரவு ஒரு மணிக்கு முடிந்தது. காலையில் போய்க் காட்டினேன். இந்த முறை நிறுத்தச் சொல்லவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

திருவொற்றியூர்த் தம்பி, ஒத்தை வரும் ஞாயிற்றுக்கிழமையே பதிவு செய்வோம். சீவாளிக்கு அப்பாவிடம் சொல்லிவை. அதிகாலை நான்கரைக்கே தொடங்க வேண்டும். கண்டெய்னர் லாரிகளின் சத்தம் கூடிவிட்டால் எதுவும் எடுக்க முடியாது. ஒரு மைக் என்னிடம் இருக்கிறது. ராயபுரம் அக்கா, உங்கள் குழுவின் மைக்கை ஒரு நாள் தர முடியுமா? பூசைக்கு முன் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன்.

ராயபுரம் பாடகர் குழு

எட்டு மணிப் பூசைக்கு ஏழரைக்குள் வந்துவிட வேண்டும். சனிக்கிழமை மாலை ஒத்திகை முடிந்ததும் வாங்கிக்கொள் தம்பி. கேபிளை மட்டும் நீ கொண்டுவா. எங்களுடையது உப்புக் காற்றில் பச்சை பூத்துவிட்டது.