ஆசியாவின் முதல் பெண்கள் பள்ளி உடுவிலா, தரங்கம்பாடியா?

கடலோடி:
போன மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலேறி யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் இறங்கினேன். நான்கு நாளும் மிஷன் இடங்களை மட்டுமே பார்த்தேன்: தெல்லிப்பழை, உடுவில், மானிப்பாய், வட்டுக்கோட்டை. 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்து வேலை தொடங்கிய பக்கம் இது. ஞாயிறு காலை வட்டுக்கோட்டைத் தேவாலயத்தில் ஆராதனை. முடிந்ததும் ஒரு பாட்டி கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார். உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷனரி ஹேரியட் வின்ஸ்லோ தொடங்கியதுதான் ஆசியாவிலேயே முதல் பெண்கள் பள்ளி. தமிழர் எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

தரங்கைக்காரன்:
"ஆசியாவிலேயே முதல்" என்று யார் சொன்னது? ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. அடுத்த வருடமே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்துவிட்டார். 1707க்கும் 1824க்கும் இடையில் 117 வருடம். நாகப்பட்டினம் வரை வந்தவருக்குப் பக்கத்தில் இருக்கும் தரங்கம்பாடிக்கு ஒரு பஸ் ஏற மனம் வரவில்லையா? 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது. கடல் தாண்டினால்தான் சரித்திரமா?

உடுவில்பிள்ளை:
நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். என் அம்மாவும் அம்மம்மாவும் அங்கேதான். நாங்கள் சொல்வது முதல் "உறைவிட" பெண்கள் பள்ளி. கடலோடி ஐயா அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டார். அதற்காக 200 வருடப் பள்ளிக்கூடத்தைத் தூக்கி எறிய உங்களுக்கு உரிமை இல்லை.

தரங்கைக்காரன்:
உறைவிடம் என்றாலும் 1707தான். சீகன்பால்குவின் பள்ளிப் பிள்ளைகள் மிஷன் செலவில் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படித்தார்கள். பெண் பிள்ளைகளும் அதில் உண்டு.

உடுவில்பிள்ளை:
அது அநாதைப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தது. தாய் தகப்பன் உள்ள பெண்பிள்ளையை வீட்டிலிருந்து வெளியே விட்டுத் தங்கிப் படிக்க வைத்தது உடுவில். எங்களுக்குச் சொல்லித் தந்த கதை இது: தையல் பார்க்க வந்த இரண்டு சிறுமிகள் ஒரு நாள் பெருமழையில் மாட்டிக்கொண்டு மிஷன் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்தார்கள். அந்தக் காலத்தில் வேதக்காரர் (கிறிஸ்தவர்) வீட்டில் கை நனைப்பது சின்ன விஷயமா? பிறகு பார்த்தால் தகப்பன்மாரே, "இனி நீங்களே வைத்துப் படிப்பியுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் அப்படித்தான் வந்தது. தரங்கம்பாடியில் இப்படி ஒன்று நடந்ததா?

தரங்கைக்காரன்:
மழையில் நனைந்தால்தான் பள்ளியா? 1707. திரும்பச் சொல்கிறேன், 1707.

வண்ணை மைந்தன்:
இரண்டு பேரும் ஒன்றை மறைக்கிறீர்கள். உடுவிலில் படித்து வேதக்கார மாப்பிள்ளையைக் கட்டினால் மிஷனே சீதனம் கொடுத்தது. மிஷனின் உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டை செமினரியில் பிள்ளைகளுக்கு, பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரை வைத்தார்கள். அங்கே படித்த கரோல் விசுவநாதபிள்ளைக்கு அந்தக் கரோல் எங்கிருந்து வந்தது? பெயரையே மாற்றியவர்களின் இடத்தைப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவது என்ன சுற்றுலா? 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை என்ற பள்ளியைத் தொடங்கியது இதற்குப் பதிலடியாகத்தான். கடலோடி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாரா?

உடுவில்பிள்ளை:
நாவலர் எங்கே கற்றார், யாரோடு வேலை செய்தார் என்பதையும் சொல்லுங்கள். பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்தானே? அந்தக் கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். இரண்டு பேரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை இல்லாவிட்டால் கலித்தொகை அச்சுக்கு வர இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்கும்? சீதனம் கொடுத்தது உண்மை. அதில் எனக்கு வெட்கம் இல்லை. படித்த பெண்ணை யார் கட்டுவான் என்று ஊர் கேட்ட காலம் அது.

மருந்துக்கடை:
முதல், முதல் என்று அடித்துக்கொள்கிறீர்கள். மானிப்பாயைப் பற்றி யாருமே பேசவில்லை. மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து, பிறகு தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'இரணவைத்தியம்' (அறுவைச் சிகிச்சை), 'மனுஷ அங்காதிபாதம்' (உடற்கூறு) எல்லாம் அங்கே வந்த தமிழ்ப் புத்தகங்கள். அமெரிக்காவில் இருக்கும் அவர் கல்லறையிலும் தமிழருக்கு ஊழியம் செய்த மருத்துவர் என்றுதான் எழுதியிருக்கிறது. இன்றைக்கும் தமிழில் மருத்துவப் படிப்பு வரவில்லையே என்று எனக்கு மனம் ஆறவில்லை.

தரங்கைக்காரன்:
மருத்துவம் என்றால் வேலூர். அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918இல் அங்கே பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதற்கு ஈடு உங்களிடம் எது?

உடுவில்பிள்ளை:
ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் முதலில் வைத்தியம் பார்த்தது பண்டத்தரிப்பில். உடுவிலிலிருந்து கொஞ்சத் தூரம்தான். உங்கள் வேலூருக்கும் வேர் எங்கள் மண்ணில் இருக்கிறது.

தரங்கைக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். 1707க்குப் பதில் சொல்லுங்கள்.

கடலோடி:
நான் பார்த்ததை எழுதினேன், அவ்வளவுதான். "உறைவிட" என்று சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள். வேறு ஒன்று சொல்ல வந்தேன். ஒரு பள்ளி வாசலில் என்னை உள்ளே விடவில்லை. பிள்ளைகள் இருக்கும் இடம், முன்பே எழுதிக் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். அது நியாயம். போகிறவர்கள் முன்னதாகவே அனுமதி கேளுங்கள்.

வண்ணை மைந்தன்:
ஆராதனையில் படம் எடுத்தீர்களா? போன வருடம் எங்கள் கோயிலில் கமராவைத் தூக்கிக்கொண்டு கர்ப்பக்கிரக வாசல் வரை வந்த ஒருவரை நான்தான் நிறுத்தினேன். வேதக்காரர் கோயிலிலும் அதே மரியாதை வேண்டும்.

உடுவில்பிள்ளை:
அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். சீதனத்தில் இல்லை. தரங்கைக்காரனுக்கு ஒன்று: எலைசா அக்னியூ அம்மையார் 1840இல் உடுவிலுக்கு வந்தார். 1883இல் கண்ணை மூடும்வரை ஒரு முறைகூட ஊர் திரும்பவில்லை. அவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் படித்தார்கள். உங்கள் 1707 பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் பேரைச் சொல்லுங்கள்.

தரங்கைக்காரன்:
பேர் தெரியாவிட்டால் அவர்கள் படிக்கவில்லை என்றாகிவிடுமா? அந்தப் பிள்ளைகளின் பேரை யாரும் காப்பாற்றி வைக்கவில்லை என்பதுதான் என் கோபமே. உங்களுக்கு 200 வருட விழா இருக்கிறது. அவர்களுக்கு நான்தான் பேச வேண்டியிருக்கிறது. 1707.

உடுவில்பிள்ளை:
பேசுங்கள். ஆனால் உறைவிடப் பள்ளி உடுவில்தான்.

மருந்துக்கடை:
மானிப்பாய்க்குப் போகிற பஸ் எண் யாருக்காவது தெரியுமா?