எறும்பு என்று நினைத்து எடுத்தது

படம் எடுக்கும்போது கண்ணில் படாமல், வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது தெரியவந்த விஷயம் உங்களுக்கும் ஒன்றாவது இருக்கும். எழுதுங்கள். முதலில் என் மானம் போன கதை.

பொள்ளாச்சிப் பக்கம் மாமாவின் தோப்பில் ஒரு மாமரம், மரம் முழுக்க முசுறு. தன் புழுக்களை வாயில் கவ்வி, அவை விடும் பட்டு நூலால் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுமே, அதே செவ்வெறும்பு. சின்னப் பூச்சியை நெருங்கிப் பெரிதாக எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் என்னிடம் கிடையாது. கேமராவோடு வந்த 18-55 லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி, ரிவர்ஸ் ரிங் போட்டு மாட்டிக்கொள்வேன். பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல் இடைவெளிகூட இருக்காது. கண்ணில் ஃபோகஸ் இருந்தால் காலில் இருக்காது. மூச்சு விட்டால் இரண்டிலும் இருக்காது. வெளிச்சம் மென்மையாகப் பரவ, ஃபிளாஷுக்கு முன்னால் பிரியாணி வாங்கிய வெள்ளை டப்பாவின் மூடி.

முழங்கை வரை கடி வாங்கிக்கொண்டிருந்தபோது இலை நுனியில் ஒன்று மட்டும் தனியாக நின்றது. நெருங்கினேன். குதித்துவிட்டது. ஆனால் கீழே விழவில்லை, அந்தரத்தில் தொங்கியது. எறும்பு எப்போதிலிருந்து நூல் விட ஆரம்பித்தது?

ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுக் கால்களை எண்ணினேன். எட்டு. மீசை என்று நினைத்தது, தூக்கிப் பிடித்த முன்னங்கால்கள். முகத்தில் லாரி விளக்கு மாதிரி இரண்டு பெரிய கண்கள். குதிக்கும் சிலந்தி! நிறம், நடை, ஒடுங்கிய இடுப்பு எல்லாம் அச்சு அசல் முசுறு. முசுறு என்றால் மற்றவை ஒதுங்கிப் போகும், அதனால் இந்த வேஷம். நிஜ முசுறு கிட்டே வந்தால் இதுவும் நைசாக நழுவிவிடுமாம்.

மானம் போனது இதில் இல்லை. இரண்டு வருஷம் முன்னால் ‘தோழனைச் சுமந்து செல்லும் முசுறு’ என்று ஒரு படம் போட்டுப் பாராட்டு வாங்கியிருந்தேன். இந்தச் சிலந்தியில் ஆணுக்குத் தாடை முன்னால் நீண்டு, நுனி தடித்து, இன்னொரு எறும்பைக் கவ்வியிருப்பதுபோலவே இருக்கும். அந்தத் தோழன் வெறும் தாடை.

*

அண்ணே, அந்தப் படத்துக்கு முதல் ஆளா ‘சூப்பர்’ போட்டது நான்தான்! என் கதை பொன்வண்டு. தீப்பெட்டியில கொடுக்காப்புளி இலை போட்டு வளர்த்தவங்களுக்கு அது என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. போன புரட்டாசியில ஊருக்குப் போனப்ப ஒண்ணு கிடைச்சுது. மூடி கீடி எதுவும் இல்லாம நேரா ஃபிளாஷ் அடிச்சு இருபது படம். வந்து பார்த்தா முதுகு பூரா வெள்ளைப் பொட்டு, அதுக்குள்ள கைலியோட நான். மறுநாள் ஃபிளாஷ் முன்னால டிரேசிங் பேப்பரை ரெண்டு மடிப்பா வெச்சேன், பச்சை அப்படியே படத்துல வந்துடுச்சு. அது சாயம் இல்லையாம், ஓட்டோட மெல்லிய அடுக்குகள்ல வெளிச்சம் பட்டுத் திரும்புறதால வர்ற நிறம். அதான் பாட்டி நகைப்பெட்டியில கிடக்கிற பொன்வண்டு ஓடு இன்னும் வெளுக்கல.

*

எனக்குத் தெரியவந்தது கொஞ்சம் வலியோடு.

மழைக்காலத்தில் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, விளக்குப் போட்டு அந்துப்பூச்சி எடுப்பது வழக்கம். அன்று கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. யோசிக்காமல் தேய்த்துவிட்டேன். மறுநாள் ராத்திரி அந்த இடம் கோடு போட்டாற்போலச் சிவந்து, பிறகு கொப்புளித்தது. அக்கி என்று அத்தை முடிவு கட்டி, காவி பூசவும் தயாராகிவிட்டார். சந்தேகத்தில் படங்களைத் திரும்பப் பார்த்தேன். வேட்டி ஓரத்தில், நெல்மணி நீளத்துக்கு, ஆரஞ்சும் கறுப்புமாக ஐந்தாறு. ஆசிட் பூச்சி. நான் அந்துப்பூச்சியின் இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் இவை கண்ணில் படவே இல்லை. தோல் டாக்டரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன், அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. நசுங்கினால் உடம்புக்குள் இருக்கும் பெடெரின் என்ற நஞ்சு தோலைப் பொத்துவிடும். மேலே ஏறினால் ஊதித் தள்ளுங்கள், தேய்க்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நான் இப்போது கழுத்தில் துண்டு சுற்றாமல் மாடி ஏறுவதில்லை.

*

அக்கா, காவி பூசாம தப்பிச்சீங்க. நம்ம கணக்குல தம்பலப்பூச்சி. முதல் மழைக்குச் செம்மண்ணுல ஊருமே, சங்கப் பாட்டுல மூதாய்னு வர்றது. திரையில பார்த்தா ஒரே சிவப்புத் திட்டு, வெல்வெட் ரோமம் ஒண்ணுகூடத் தெரியல. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைச்சு, அதாவது கேமராவுக்குள்ள போற வெளிச்சத்தைப் பாதியாக்கி எடுங்க, ரோமம் தனித்தனியா வரும். அப்புறம், அதுக்கும் எட்டுக் கால்தான். இத்தனை வருஷம் பூச்சின்னே கூப்பிட்டுட்டேன்.

*

எட்டு எட்டு என்று நீங்களும் கிளப்பிவிட்டீர்கள். பழைய ஃபோல்டர்களைத் திறந்து கால் எண்ண உட்கார்ந்தேன். ‘கட்டெறும்பு, வால்பாறை’ என்று பெயர் வைத்திருந்த ஒன்பது படங்களில் ஒன்றுக்கு எட்டுக் கால். மீதி ஃபோல்டர்களைச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்.