டெக்சஸில் பெரியப்பா விட்டுப்போன எண்ணெய் உரிமை: லீஸ் கடிதம் வந்திருக்கிறது, கையெழுத்துப் போடலாமா?

செங்காங்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரமானதுதான், ஆனால் நம் சிங்கப்பூர் ஜூரோங் தீவிலும் எண்ணெய் ரிக்கிலும் வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

என் பெரியப்பா எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக ஹூஸ்டன் போய், அங்கேயே குடியுரிமை வாங்கித் தங்கிவிட்டவர். பிள்ளைகள் கிடையாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காலமானார். வீடும் வங்கிப் பணமும் பெரியம்மா பக்கத்துச் சொந்தங்களுக்கு, மற்றதெல்லாம் எனக்கும் சித்தப்பா மகனுக்கும் சரிபாதி என்று உயில். அந்த ‘மற்றதில்’ மேற்கு டெக்சஸ் ரீவ்ஸ் கவுன்டியில் ஒரு 160 ஏக்கருக்கு அடியில் இருக்கும் எண்ணெய், எரிவாயுவில் 16-இல் ஒரு பங்கு இருக்கிறதாம். நிலம் வேறு யாருடையதோ, எங்களுக்கு அடியில் இருப்பதில் மட்டும் பங்கு. உயில் அங்கே கோர்ட்டில் ப்ரோபேட் ஆகிவிட்டது, அதாவது செல்லும் என்று உறுதியாகிவிட்டது.

இப்போது ஒரு லேண்ட்மேன், எண்ணெய்க் கம்பெனிக்கு லீஸ் பிடித்துக் கொடுக்கிறவர், கடிதம் அனுப்பியிருக்கிறார். நிகர ஏக்கருக்கு 2,000 டாலர் போனஸ் (கையெழுத்துக்கு ஒரு முறை தரும் பணம்), ராயல்டி (எடுக்கிற எண்ணெயில் எங்களுக்கான பங்கு) 5-இல் ஒன்று, 3 வருஷம், கம்பெனி விரும்பினால் இன்னும் 2 வருஷம். 160 ஏக்கரில் எங்கள் பங்குக்கு 10 நிகர ஏக்கர், ஆளுக்கு 5, ஆக ஆளுக்கு 10,000 டாலர். படிவத்தின் தலையில் ‘புரொடியூசர்ஸ் 88’ என்று போட்டிருக்கிறது, எல்லாரும் கையெழுத்துப் போடுவது இதில்தான் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் ஆஃபர் போய்விடுமாம், வாட்ஸ்அப்பில் தினமும் ஞாபகப்படுத்துகிறார். தம்பியோ சும்மா வருகிற காசு அக்கா, போட்டுவிடலாம் என்று நிற்கிறான்.

போடலாமா? போடாவிட்டால் எங்கள் பங்கைப் பிடுங்கிக்கொள்ள முடியுமா? வரி எப்படி? இங்கே வருமான வரித்துறை ஐராஸுக்கும் கட்ட வேண்டுமா?


ரிக்_கிழவன்:

தங்கச்சி, வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். அவருடைய வெள்ளிக்கிழமை அது, உங்களுடையது இல்லை. அடியில் இருக்கும் பாறை எங்கேயும் ஓடிப்போகாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயமே புதிது. இங்கே வீட்டுக்கு அடியில் நமக்கு எவ்வளவு ஆழம் சொந்தம் என்பதற்கே 2015-இல் சட்டம் திருத்தினார்கள், பட்டாவில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, சிங்கப்பூர் உயர அளவுக்கு (கடல் மட்டத்தை ஒட்டி வைத்த அடிப்படை அளவு) கீழே 30 மீட்டர் வரைதான். ஊர்ப்பக்கம் காவிரிப் படுகையில் வயலில் கிணறு தோண்டினால் விவசாயிக்கு மேல் நிலத்துக்கான நஷ்ட ஈடு மட்டும்தான் கிடைக்கும், எண்ணெயில் பங்கு என்கிற பேச்சே இல்லை. அமெரிக்காவில் அது தனிச் சொத்து, நிலத்திலிருந்து பிரித்து விற்கலாம், உயில் எழுதலாம். டெக்சஸில் அடியில் இருப்பதன் உரிமைக்குத்தான் முதல் மரியாதை, மேலே மாடு மேய்க்கிறவர் தேவையான அளவுக்கு வழிவிட வேண்டும்.

இனி உங்கள் கடிதம். எல்லாரும் போனஸைப் பார்ப்பார்கள், ஏனென்றால் அது கையில் உடனே வருகிற காசு. நீங்கள் ராயல்டியைப் பாருங்கள். ரீவ்ஸ் கவுன்டி பெர்மியன் படுகையின் மேற்குப் பகுதி, டெலவேர் பேசின் என்பார்கள், வுல்ஃப்கேம்ப், போன் ஸ்பிரிங் என்று அடுக்கடுக்காக எண்ணெய் இருக்கும் இடம். அங்கே 4-இல் ஒன்று கேட்பது பேராசை இல்லை, வாடிக்கை. 8-இல் ஒன்று என்பதெல்லாம் பழைய காலம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 1,280 ஏக்கர் யூனிட்டில், அதாவது பல நிலங்களைச் சேர்த்த ஒரே கிணற்றுப் பரப்பில், ஒரு கிணறு, நாளைக்கு 800 பீப்பாய், பீப்பாய் 65 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 15,60,000 டாலர் எண்ணெய். உங்கள் 5 ஏக்கருக்கு 4-இல் ஒன்று என்றால் மாதம் சுமார் 1,520 டாலர், 5-இல் ஒன்று என்றால் சுமார் 1,220. இது ஒரு கிணற்றுக்கு, அதே யூனிட்டில் பல கிணறுகள் போடுவார்கள். ஆனால் கனவு காண வேண்டாம், ஷேல் கிணறு முதல் வருஷத்திலேயே பாதிக்கும் மேல் இறங்கிவிடும், கம்பெனி தோண்டாமலே போகவும் செய்யலாம்.

‘புரொடியூசர்ஸ் 88’ ஸ்டாண்டர்ட் என்பது சும்மா கதை. அந்தப் பேரில் நூறு மாதிரிப் படிவம் சுற்றுகிறது, எல்லாம் கம்பெனிக்குச் சாதகமாக எழுதியவை. அதில் "3 வருஷம், அதற்குப் பிறகு உற்பத்தி நடக்கும் வரை" என்று ஒரு வரி இருக்கும். அதாவது ஒரு மூலையில் ஒரு கிணறு சொட்டிக்கொண்டிருந்தால் போதும், மொத்த ஏக்கரும் எல்லா ஆழமும் அவர்கள் கையிலேயே இருக்கும், உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும். அதை உடைக்கப் ‘பியூ’ ஷரத்து என்று ஒன்று போட வேண்டும், 3 வருஷம் முடிந்ததும் கிணறு இருக்கும் யூனிட்டுக்கு வெளியே உள்ள ஏக்கர் விடுதலை, தோண்டிய அடுக்குக்குக் கீழே உள்ளதும் விடுதலை. உங்களுடையது சின்னப் பங்கு, 160 ஏக்கரும் ஒரே யூனிட்டுக்குள் போய்விடலாம், அப்போது ஏக்கர் பகுதி பெரிதாக உதவாது, ஆழம் பற்றிய பகுதிதான் முக்கியம்.

அடுத்தது கழிவு. சுத்தம் செய்ய, அழுத்தம் ஏற்ற, குழாயில் அனுப்ப என்று ராயல்டியிலிருந்து பிடித்துக்கொண்டே போவார்கள், எரிவாயுவில்தான் இது ரொம்ப வலிக்கும், சில ராயல்டிக் காசோலைச் சீட்டில் மொத்தத் தொகைக்குப் பக்கத்திலேயே அதை விழுங்குகிற மைனஸ் எண் உட்கார்ந்திருக்கும். எந்தச் செலவும் கழிக்கக் கூடாது என்று எழுதிக் கேளுங்கள். டெக்சஸ் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி வரிகளை எழுத்துக்கு எழுத்து படிக்கும், அதனால் வாசகத்தை வக்கீல் எழுதட்டும். இந்தப் பங்கு உங்களுடையதுதான் என்று நீங்கள் உத்தரவாதம் தருவதாக ஒரு வரி இருக்கும், அதை அடித்துவிடுங்கள். 2 வருஷ நீட்டிப்புக்குத் தனியாகப் போனஸ் உண்டா என்றும் பாருங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். டெக்சஸ் ரயில்ரோடு கமிஷன் என்று ஒரு அரசு அமைப்பு, பேரில்தான் ரயில், பார்ப்பதெல்லாம் எண்ணெய். அவர்கள் வலைத்தளத்தில் இலவச வரைபடம் இருக்கிறது. உங்கள் 160 ஏக்கரைத் தேடிப் பாருங்கள், பக்கத்து நிலத்திலிருந்து கிடைமட்டக் கிணற்றின் கோடு உங்கள் பக்கம் நீண்டு வருகிறதா, புது பெர்மிட் விழுந்திருக்கிறதா என்று. விழுந்திருந்தால் அவசரம் அவர்களுக்குத்தான்.


பிடோக்_85:

இவ்வளவு தலைவலி எதற்கு? வித்துத் தொலைங்க. லீஸ் வேண்டாம், மொத்தமா விற்று வர்ற காசை வீவக வீட்டுக் கடன்ல போடுங்க. 13 மணி நேர வித்தியாசத்துல யார் கம்பெனிகிட்ட சண்டை போடுறது.


கணக்குப்பிள்ளை:

பிடோக்_85 சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனால் விற்பதற்கு முன்பும் வரிக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க வரிக் கோப்புகள் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் அந்தப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

சொத்து கைக்கு வந்ததற்கு உங்களுக்கு வரி இல்லை, டெக்சஸில் வாரிசு வரி கிடையாது. இங்கே மரணச் சொத்து வரியை 2008 பிப்ரவரி 15-இலிருந்தே எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து தனிநபருக்கு வரும் வருமானத்துக்கும் 2004 முதல் இங்கே வரி இல்லை, இங்குள்ள பங்காளித் தொழில் வழியாக வந்தால் மட்டும் கதை வேறு. ஐராஸ் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவலை அமெரிக்கப் பக்கம். அங்கே குடியிருக்காத வெளிநாட்டவர் என்றால் போனஸிலும் ராயல்டியிலும் மொத்தத் தொகையில் 30 விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் வருமான வரி ஒப்பந்தம் கிடையாது, ஆகவே வெளிநாட்டவர் கொடுக்கும் டபிள்யூ-8பென் படிவத்தில் சலுகை கேட்க ஒன்றுமே இல்லை. ஆனால் சட்டப்பிரிவு 871(டி)-யின் கீழ் இதை அங்கே தொழில் வருமானம் போலக் கணக்கிடுங்கள் என்று தேர்வு செய்துகொள்ளலாம். அப்போது கம்பெனிக்கு அதற்குப் பதில் டபிள்யூ-8ஈசிஐ படிவம் கொடுப்பீர்கள், 30 விழுக்காடு பிடிக்க மாட்டார்கள், வருஷா வருஷம் 1040-என்ஆர் வரிப் படிவம் தாக்கல் செய்து செலவு கழித்த தொகைக்கு மட்டும் வரி கட்டுவீர்கள். இதற்கு ஐடின் என்னும் அமெரிக்க வரி அடையாள எண் வேண்டும், அதைக் கேட்பது டபிள்யூ-7 படிவத்தில்.

எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ராயல்டி வருஷத்துக்கு 18,000 டாலர் என்றால் சும்மா விட்டால் 5,400 போகும். தேர்வு செய்தால் ராயல்டியில் 15 விழுக்காடு டிப்ளீஷன் கழிவு (எண்ணெய் தீர்ந்துகொண்டே போவதற்காகத் தருவது) உண்டு, டெக்சஸ் எண்ணெயில் எடுக்கும் 4.6 விழுக்காடு உற்பத்தி வரியும் கழியும், மீதிக்கு 10, 12 விழுக்காடு அடுக்குகள்தான், சுமார் 1,500-இல் முடிந்துவிடும். அந்த 15 விழுக்காடு போனஸுக்குக் கிடையாது. தேர்வு செய்துவிட்டால் பின்வரும் வருஷங்களுக்கும் அதுதான், நினைத்தபோது மாற்ற முடியாது. வருமானம் சில நூறு டாலர் என்றால் கணக்கருக்குக் கொடுக்கும் கட்டணமே அதை விழுங்கிவிடும், அப்போது 30-ஐ விட்டுத்தள்ளுவது நல்லது.

விற்பதென்றால்: அடியில் உள்ள கனிமம் அமெரிக்கச் சட்டத்தில் நிலச் சொத்து. வெளிநாட்டவர் விற்றால் வாங்குகிறவர் விலையில் 15 விழுக்காடு பிடித்து அங்குள்ள வரித்துறைக்குக் கட்ட வேண்டும், பிறகு தாக்கல் செய்து மிச்சத்தை வாங்கலாம். உங்களுக்குச் சாதகமான ஒன்று, அடக்க விலை பெரியப்பா வாங்கிய விலை இல்லை, அவர் இறந்த நாளின் மதிப்பு. இப்போதே விற்றால் லாபம் என்று ஒன்று இருக்காமலே போகலாம். அந்த நாளுக்கான மதிப்பீட்டை ஒரு பெட்ரோலிய மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள், விற்றாலும் விற்காவிட்டாலும்.

யாரும் பேசாத ஒன்று. பெரியப்பா குடிமகன், அவருக்கு மரண வரி விலக்கு வரம்பு மிகப் பெரியது. உங்களுக்கு இல்லை. அங்கே குடியில்லாத வெளிநாட்டவர் அமெரிக்கச் சொத்து 60,000 டாலருக்கு மேல் வைத்துவிட்டு இறந்தால் பிள்ளைகள் 706-என்ஏ என்னும் மரண வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும், விகிதம் 40 விழுக்காடு வரை போகும். கிணறு ஓடத் தொடங்கிய 5 ஏக்கர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு. பிடோக்_85 சொல்கிறபடி விற்க நல்ல காரணம் தேடினால் இதுதான் காரணம், நேர வித்தியாசம் இல்லை.


செங்காங்வாசி:

அப்பாடா, ரெண்டு பேருக்கும் நன்றி. வரைபடத்தில் பார்த்தேன், தெற்கே அடுத்த நிலத்தில் ரெண்டு பெர்மிட் இருக்கிறது, கோடுகள் எங்கள் பக்கம்தான் வருகின்றன! இந்தக் கடிதத்தோடு இன்னொரு காகிதமும் இருந்தது, அதன் தலையில் ‘மினரல் அண்ட் ராயல்டி டீட்’ என்று. அதுவும் லீஸோடு சேர்ந்ததுதானே? தம்பி மட்டும் தனியாகக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?


ரிக்_கிழவன்:

ஐயோ, அது லீஸ் இல்லை தங்கச்சி, விற்பனைப் பத்திரம்! லீஸ் என்றால் லீஸ் என்றுதான் எழுதியிருக்கும். ‘டீட்’ என்கிற வார்த்தை இருந்தால் உரிமையே கைமாறுகிறது. அதைத் தனியாக எடுத்து வையுங்கள், தம்பியிடமும் உடனே சொல்லுங்கள்.

தம்பி தனியாக லீஸ் போடலாம், டெக்சஸில் கூட்டுப் பங்காளி தன் பங்கை யாரையும் கேட்காமல் கொடுக்க முடியும். உங்கள் பங்கு உங்களிடம் அப்படியே இருக்கும். நீங்கள் போடாமலே இருந்து அவர்கள் தோண்டினால், தோண்டிய செலவைக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் லாபத்தில் உங்கள் பங்கு வரும், வெகு நாள் ஆகும். ஓக்லஹோமாவில் என்றால் கமிஷன் உத்தரவு வாங்கி உங்களைக் கட்டாயமாகச் சேர்த்துவிடுவார்கள், டெக்சஸில் அப்படிப் பொதுவான கட்டாயம் இல்லை. 1965-இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, எல்லை குறுகியது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே வக்கீலை வைத்தால் 10 ஏக்கர், பேரம் பேச வலு கூடும். டெக்சஸில் எண்ணெய், எரிவாயு, கனிமச் சட்டத்துக்கு என்றே போர்டு சான்றிதழ் உள்ள வக்கீல்கள் இருக்கிறார்கள், அந்தப் பட்டியலில் தேடுங்கள். உயில் வேலை செய்த வக்கீல் நல்லவராக இருக்கலாம், ஆனால் இது வேறு வேலை.

ரீவ்ஸ் கவுன்டியின் தலைநகர் பேகோஸ். ஹூஸ்டனில் ப்ரோபேட் ஆன உயிலின் சான்று நகலையும் கோர்ட் உத்தரவையும் பேகோஸில் உள்ள கவுன்டி கிளர்க்கிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். அது பதிவாகாத வரை அங்கே புத்தகத்தில் பெரியப்பா பேர்தான். கூடவே டெக்சஸ் மாநில நிதி அதிகாரியான கம்ப்ட்ரோலரின் உரிமை கோரப்படாத சொத்துப் பட்டியலில் அவர் பேரைப் போட்டுத் தேடுங்கள், பழைய ராயல்டி ஏதாவது அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்.


கணக்குப்பிள்ளை:

பணம் எப்படித் தருவதாகச் சொல்கிறார் என்று பாருங்கள். ‘டிராஃப்ட்’ என்றால் காசோலை இல்லை, பத்திரம் சரிபார்த்து 30 வங்கி நாளுக்குள் பிடித்தால் தருவார்கள், பிடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை, அதற்குள் உங்கள் கையெழுத்துப் போட்ட லீஸ் பதிவாகிவிடும். பணம் வங்கிக்கு வந்த பிறகுதான் வக்கீல் லீஸை ஒப்படைப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள், டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபரில்.

கையெழுத்தை இங்கேயே நோட்டரி முன்னால் போடலாம். 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூர் அப்போஸ்டீல் உடன்படிக்கையில் இருக்கிறது, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா ஒட்டுகிற அந்தச் சான்று டெக்சஸில் செல்லும். நேப்பியர் ரோட்டில் அமெரிக்கத் தூதரகத்திலும் செய்யலாம், முன்பதிவு வேண்டும், ஒரு முத்திரைக்கு 50 டாலர்.


செங்காங்வாசி:

சரி, லேண்ட்மேனுக்கு இப்போதைக்கு ஒரே வரிதான் அனுப்பினேன், 4-இல் ஒன்று, செலவு கழிக்கக் கூடாது, வக்கீல் பேசுவார் என்று. அரை மணி நேரத்தில் பதில்: வெள்ளிக்கிழமை கெடு அடுத்த மாதக் கடைசிக்குத் தள்ளிப் போயிருக்கிறதாம். தம்பி இன்னும் 10,000 டாலரையே பேசிக்கொண்டிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், இந்தப் பக்கத்தை அப்படியே காட்டப் போகிறேன்.


பிடோக்_85:

நான் இன்னும் விற்கத்தான் சொல்றேன். ஆனா அந்த டீட்ல இருக்கிற விலைக்கு இல்ல.