மாமாவின் கல்லீரலுக்கு ஸ்டெம் செல் ஊசியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மன்னார்குடி பக்கம் இருந்து எழுதுகிறேன். மாமாவுக்கு ஹெபடைட்டிஸ் பி முற்றி கல்லீரல் சுருங்கிவிட்டது, வயிற்றில் நீர் கோர்க்கிறது, மாற்று அறுவைக்குப் பதியச் சொல்லிவிட்டார்கள். இதற்குள் ஒரு தனியார் கிளினிக், ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் ஈரல் புதிதாக வளரும் என்று பல லட்சம் கேட்கிறது. குறுவை நெல் விற்ற பணம் கையில் இருப்பதால் கட்டிவிடலாம் என்கிறார் அத்தை.

நான் படித்த வரை, ஸ்டெம் செல் அல்லாத இன்னொரு செல் சிகிச்சையான, தானமாகக் கிடைத்த ஈரலின் செல்களைப் பிரித்துப் போர்ட்டல் ரத்தக்குழாய் (குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோவது) வழியாகச் செலுத்துவது பெரும்பாலும் பிறவி வளர்சிதைக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குத்தான், பலனும் பல நேரம் சில மாதங்களே நிற்கிறது, தழும்பேறிய ஈரலில் அவை ஒட்டுவதே கஷ்டம். ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை, ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி ஈரலுக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆய்வு நிலைதான். அப்புறம் எதற்கு லட்சம்?

சிடிஆர்ஐயில் (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவாகி, இப்போது ஆள் சேர்க்கும் ஆய்வு சென்னையிலோ வேலூரிலோ இருக்கிறதா? முதலமைச்சர் காப்பீட்டில் ஈரல் மாற்று செய்தவர்கள் இருந்தால், அத்தையிடம் போனில் பேச முடியுமா? நான் சொன்னால் கேட்கமாட்டார்.