அறுபது வயதுக்கு மேல் புகையை விட்டவர்கள் மூச்சுத்திறனை மீட்ட விதம் அறிய வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 61. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிடித்துவந்த சிகரெட்டைச் சென்ற தீபாவளியோடு நிறுத்திவிட்டேன். சமதரையில் நடப்பதில் சிரமமில்லை என்றாலும், பழனி மலைப்படிகளில் பாதி தூரம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட நேர்கிறது.

நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் முதல் விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு சற்றுக் குறைவாக இருந்தது. உடற்பயிற்சிக்கு மருத்துவர் அனுமதி அளித்துள்ளார். புகையை விட்டபின் இழந்த திறன் பெரும்பாலும் திரும்பாது, ஆனால் மேற்கொண்டு குறையும் வேகம் புகைக்காதவர்களின் அளவுக்குத் தணிந்துவிடும் என்று 1977இல் ஃப்ளெட்சரும் பீட்டோவும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். ஆகவே, கால் தசைகளையும் இதயத்தையும் பழக்குவதே எனக்கு ஆதாயம் தரும் என்று கருதுகிறேன். (தினமும் பலூன் ஊதச் சொல்லும் நண்பர்களின் யோசனையில் எனக்கு நம்பிக்கையில்லை.)

என் வயதையொத்தவர்களில் யாரேனும் வேகநடையையும் மெதுநடையையும் மாற்றி மாற்றிச் செய்து பயன் கண்டிருந்தால், எந்த அளவில் தொடங்கி எப்படிக் கூட்டினீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடும் முறை படியேறும்போது உண்மையிலேயே கைகொடுக்கிறதா? புகையை விட்டபின் காலையில் சளியுடன் வரும் இருமல் உங்களுக்கு எத்தனை மாதம் நீடித்தது? மதுரை அல்லது திண்டுக்கல்லில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர்களை அறிந்தவர்கள் அந்த விவரத்தையும் பகிர்ந்தால் நன்றியுடையவனாவேன்.